இடைவேளை மணியும் ஒரு டப்பா கடலையும்

எங்கள் பள்ளியில் காலை இடைவேளை மணி 10.50-க்கு அடிக்கும். அடித்த இரண்டாவது நிமிடம் எதிர்க்கடையிலிருந்து ஃபிளாஸ்க்கில் டீ வந்துவிடும். கூடவே ஒரு செய்தித்தாள் பொட்டலம். அதில் வடை இருக்கும், பஜ்ஜி இருக்கும், ஒன்றும் இல்லாத நாளில் பிஸ்கட்டாவது இருக்கும். எங்கள் பக்கத்து ஆசிரியர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. சாத்தூரிலிருந்து வரும் கணக்கு ஆசிரியர் மாதம் ஒருமுறை காராச்சேவு வாங்கி வருவார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஊருக்குப் போய்வந்தால் பால்கோவா. கோவில்பட்டிக்குப் போனவர் யாரானாலும் கடலை மிட்டாய் இல்லாமல் திரும்பமாட்டார். பால்கோவாவும் கடலை மிட்டாயும் புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு "எனக்கு வேண்டாம் சார்" என்று தினமும் சொல்வது எப்படிப்பட்டது என்று சொன்னவர்களுக்குத்தான் தெரியும்.

நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியை. வயது 46. நான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. வெறும் வயிற்றில் 168, மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 8.4. உண்மையில் இது எதிர்பாராதது அல்ல. இரண்டாவது பிரசவத்தின்போதே எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. அப்படி இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வர வாய்ப்பு அதிகம், ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று அப்போதே சொல்லி அனுப்பினார்கள். பிள்ளை, வீடு, பள்ளி என்று 11 ஆண்டுகள் ஓடின. நான் பார்க்கவில்லை. இதைப் படிக்கும் சகோதரிகளில் யாருக்காவது அப்படி இருந்திருந்தால், இந்த மாதமே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாக அது மதிப்பிட்டது. எங்கள் ஆசிரியர் அறையில் 11 நாற்காலிகள். அவற்றில் மூன்றில் இருப்பவர்கள் மாத்திரை போடுகிறோம். உங்கள் அறையிலும் கணக்கு பெரிதாக மாறாது என்று நினைக்கிறேன். மருத்துவர்கள் சொல்லும் உணவுப் பட்டியல் பெரும்பாலும் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளைக்கு இருக்கும். நம்மைக் கவிழ்ப்பது அந்த மூன்றும் அல்ல. 10.50 மணியும், கடைசி மணி அடித்துப் பேருந்துக்கு நிற்கும் 4.20 மணியும்தான்.

முதலில் நான் செய்தது முழுத் தவறு. நோய் என்று தெரிந்ததும் இடைவேளையில் எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். மணி அடித்தால் ஆசிரியர் அறைக்கே போகாமல் வகுப்பிலேயே நோட்டுத் திருத்துவேன். மனவுறுதி என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் ஓடியது. ஒரு வியாழக்கிழமை காலை இரண்டே இட்லி, மாத்திரை, 7.40 பேருந்து. அன்று இரண்டு ஆசிரியர்கள் விடுப்பு. ஓய்வுப் பாடவேளையும் போய்விட்டது. 12.10-க்கு எட்டாம் வகுப்பில் வேதிச் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்து கீழே சரிவது எனக்கே தெரிந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. முன் பெஞ்சில் பேனா கேட்டுத் திரும்பிய பையனைப் பார்த்து, என்ன சொல்கிறேன் என்றே தெரியாமல் கத்தினேன். வகுப்பு உறைந்துபோனது. நாற்காலியில் உட்கார்ந்தேன், எழ முடியவில்லை.

கண்டுபிடித்தது ஒரு மாணவி. "டீச்சர், எங்க பாட்டிக்கும் இப்படித்தான் வேர்க்கும். சர்க்கரை இறங்கிருச்சு டீச்சர்" என்றாள். சொல்லிவிட்டு நிற்கவில்லை. ஓடிப்போய் ஆசிரியர் அறையில் டீக்கு வைத்திருந்த சர்க்கரை டப்பாவையே தூக்கி வந்தாள். மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. அளந்து பார்க்கக் கருவி அன்று கையில் இல்லை, அதனால் எந்த எண்ணுக்கு இறங்கியது என்று தெரியாது. மறுநாள் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர், நான் நிசமாவே பேசிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றான்.

மாலையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். எனக்குக் கொடுத்திருந்த இரண்டு மாத்திரைகளில் மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை இந்த அளவுக்கு இறக்குவது அரிது. கூட இருந்த கிளிமிபிரைடு, உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும், பட்டினி கிடந்தால் இறக்கிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். மாத்திரையின் அளவைக் குறைத்தார். பிறகு கேட்டார்: "பிஸ்கட்டை விடச் சொன்னேன். பசியை விடச் சொன்னேனா டீச்சர்?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் என் தேடல் தொடங்கியது. பசிக்கு ஏதாவது சாப்பிடவேண்டும். அது வயிற்றை நிறைக்கவேண்டும். சர்க்கரையை ஏற்றக்கூடாது. பேருந்தில் கெடாமல் வரவேண்டும். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஐந்து நிமிடத்தில் முடியவேண்டும். கையில் ஒட்டக்கூடாது, ஏனென்றால் அடுத்து சாக்பீஸ் பிடிக்கவேண்டும்.

முதலில் போனது கடைக்கு. "சர்க்கரை சேர்க்கப்படாதது" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த பிஸ்கட். விலை சாதாரண பிஸ்கட்டைப் போல இரு மடங்கு. நிம்மதியாக ஐந்தாறு சாப்பிட்டேன். வீட்டில் சும்மா இருந்த ஒரு நாள் பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். சேர்த்த சர்க்கரை என்ற இடத்தில் பூச்சியம் இருந்தது. அதற்கு மேல் வரியில் 100 கிராமுக்கு மொத்த கார்போஹைட்ரேட் 70 கிராமுக்கு மேல். பொருள்களின் பட்டியலில் முதலில் இருந்தது மைதா. மாவுச்சத்து செரித்தால் குளுக்கோஸ் ஆகிறது என்று ஆண்டுதோறும் பாடம் எடுப்பவள் நான். சோற்றை வெகுநேரம் மென்றால் இனிப்பது ஏன் என்று ஆறாம் வகுப்பில் செய்து காட்டுபவளும் நான்தான். அதே ஆள் கடையில் நின்றபோது சர்க்கரை என்ற ஒரு சொல்லை மட்டும்தான் பார்த்தேன்.

அடுத்து கேழ்வரகுக் கஞ்சி. "சர்க்கரைக்குக் கேப்பைதான் மருந்து" என்று என் மாமியார் முதல் பேருந்து நடத்துநர் வரை சொன்னார்கள். கருப்பட்டி போட்டால் ஒன்றும் செய்யாது என்று பாதிப் பேர் சொன்னார்கள். கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே பெரும்பகுதி சர்க்கரைதான் என்பது எனக்குத் தெரியும், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. உப்புப் போட்டு மோர் ஊற்றிக் குடித்தேன். இது சரியாக இருக்கும் என்று முழுமனதாக நம்பினேன்.

நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் கருவி அப்போது வாங்கியாகிவிட்டது. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு என் கைப்பையில் குளுக்கோமீட்டர் இல்லாத நாளே இல்லை. ஒரு சோதனைப் பட்டையின் விலை ஒரு டீயைவிட அதிகம், தினமும் நாலைந்து முறை குத்திப் பார்க்க நம் குடும்பக் கணக்கு இடம் தராது. ஆகவே வாரம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு ஒரே ஒரு தின்பண்டம் என்று வைத்துக்கொண்டேன். தின்பதற்கு முன் ஒரு முறை, சரியாக ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை. ஒரு பழைய 40 பக்க நோட்டில் தேதி, பொருள், அளவு, முன், பின். பிள்ளைகளை ஆய்வக நோட்டில் எப்படி எழுதச் சொல்கிறோமோ அப்படி. இதில் வரும் எண்கள் என் உடம்பின் எண்கள். உங்களுடையது வேறாக இருக்கும், மாத்திரை வேறாக இருந்தால் இன்னும் மாறும்.

நான்கு மேரி பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட டீயும்: 132-இலிருந்து 206. கேழ்வரகுக் கஞ்சி ஒரு டம்ளர்: 135-இலிருந்து 221. இரண்டாவது எண்ணைப் பார்த்ததும் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி குத்தினேன். 217. பிஸ்கட்டைவிட என் மருந்துக் கஞ்சி அதிகம் ஏற்றியிருந்தது! யோசித்தால் காரணம் தெரிகிறது. கேழ்வரகில் கால்சியமும் நார்ச்சத்தும் உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் 100 கிராமில் 70 கிராம் வரை மாவுச்சத்து. அதை நைசாக அரைத்து, கூழாகக் காய்ச்சி, மெல்லவே வேலையில்லாமல் குடித்தால் செரிமானத்துக்கு நாம் பாதி வேலையை அடுப்பிலேயே முடித்துக் கொடுத்துவிடுகிறோம். கேழ்வரகை நான் விட்டுவிடவில்லை. கீரை போட்ட அடையாக, காய்கறியோடு, இரவு உணவுக் கணக்கில் சாப்பிடுகிறேன். இடைவேளைக்கு எடுத்துப் போவதில்லை.

பிறகு வறுத்த நிலக்கடலை. உப்பில்லாமல் மணலில் வறுத்தது, ஒரு கைப்பிடி, நிறுத்துப் பார்த்தால் 30 கிராம். சர்க்கரை இல்லாத டீயோடு. 128-இலிருந்து 139. நோட்டில் இந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். 30 கிராம் கடலையில் கார்போஹைட்ரேட் ஏறக்குறைய 5 கிராம், அதிலும் பாதி நார்ச்சத்து. புரதம் 7 கிராமுக்கு மேல். மீதி பெரும்பாலும் கொழுப்பு. கொழுப்பும் புரதமும் வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும், அதனால் மதிய மணி வரை பசி எட்டிப் பார்க்கவில்லை. மென்று தின்ன நேரமாவதால் வாய்க்கும் ஒரு வேலை கிடைத்த திருப்தி. பஜ்ஜியை நினைக்காத முதல் இடைவேளை அதுதான்.

எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டது என்று அடுத்த மாதம் கடலையாகத் தின்றேன். டப்பாவில் 100 கிராம் கொண்டுபோய் மாலைக்குள் காலி செய்வேன். சர்க்கரை ஏறவில்லை, எடை இரண்டு கிலோ ஏறியது. 100 கிராம் கடலை என்றால் 560 கலோரிக்கு மேல். ஒரு சாப்பாட்டுக்கு நிகர். அன்றிலிருந்து வீட்டிலேயே சிறிய டப்பாவில் 30 கிராம் அளந்து மூடிவிடுகிறேன். பெரிய டப்பாவைப் பள்ளிக்குக் கொண்டு போவதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு உறுதியைவிடச் சின்ன டப்பா நம்பகமானது. கடலைக் காலத்தில், பேருந்து நிலையத்தில் படியால் அளந்து விற்கும் வேகவைத்த பச்சைக் கடலை இன்னும் நல்லது. தோலை உரித்துத் தின்பதால் வேகம் தானாகக் குறைந்துவிடும். மாலைப் பேருந்துக்கு நிற்கும்போது என் பக்கத்தில் தரையெல்லாம் தோலாக இருந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று இப்போது ஒரு பை வைத்திருக்கிறேன்.

அவித்த முட்டையில் கார்போஹைட்ரேட் ஒரு கிராம்கூட இல்லை, புரதம் 6 கிராம். சர்க்கரை நகரவே இல்லை. ஆனால் மூடிய அறையில் டப்பாவைத் திறந்தால் வாசனை. எங்கள் அறையில் இரண்டு பேர் சைவம். ஆகவே முட்டையை மாலைக்கு, மரத்தடிக்கு மாற்றிக்கொண்டேன். தேங்காய்ச் சில்லு நாலைந்து எடுத்துப்போனால் ஏமாற்றுவதில்லை, மதியத்துக்குள் தின்றுவிட வேண்டும். வெள்ளரி வயிற்றை நிரப்பும், ஆனால் தனியாக நிற்காது. அரை மணியில் பசிக்கும். வெள்ளரியோடு கொஞ்சம் கடலை, அல்லது ஒரு டம்ளர் நீர்மோர் சேர்ந்தால் சரியாகிறது. கொய்யா, பழங்களில் எனக்கு ஒத்துவந்தது. அதிகம் பழுக்காத ஒன்று, தோலோடு. சர்க்கரை கொஞ்சம் ஏறியது, 30-க்கு மேல் போகவில்லை. அதையே சாறாக்கிக் குடித்தால் கதை வேறு.

வடையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பருப்பு வடை என் சர்க்கரையை ஒரு மணி நேரத்தில் 22 தான் ஏற்றியது. அதில் இருப்பது பருப்பு, மைதா இல்லை. ஆனால் அந்தக் கடையின் எண்ணெய்ச் சட்டியை ஒருமுறை அருகில் நின்று பார்த்தேன். குளுக்கோமீட்டர் எண்ணெயின் வயதை அளக்காது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதயத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதால் வடை எனக்கு எப்போதாவதுதான்.

கொண்டைக்கடலைச் சுண்டலை வைத்து ஒரு கதை இருக்கிறது. அது வகுப்பறைக் கதை.

ஆறாம் வகுப்பில் உணவிலுள்ள ஊட்டச்சத்துகளைக் கண்டறியும் சோதனை. வழக்கமாக உருளைக்கிழங்கில் அயோடின் விட்டுக் காட்டி முடித்துவிடுவேன். அந்த ஆண்டு, ஆசிரியர் அறையில் புழங்கும் தின்பண்டங்களையே தட்டுகளில் வைத்தேன். பிஸ்கட், சோறு, உருளைக்கிழங்கு, வெள்ளரி, முட்டை வெள்ளைக்கரு, தேங்காய்ச் சில்லு, இடித்த நிலக்கடலை, என் டப்பாவிலிருந்து சுண்டல். குழுவுக்கு ஒரு சொட்டுக்குப்பி, நீர்த்த அயோடின். சோதித்ததை யாரும் வாயில் வைக்கக்கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். முதலில் கணிப்பை எழுதுங்கள், பிறகு சொட்டுங்கள் என்றேன். பிஸ்கட் நொடியில் கருநீலமானது. சோறும் கிழங்கும் அப்படியே. வெள்ளரியும் தேங்காயும் முட்டையும் பழுப்பாகவே நின்றன. நிலக்கடலை லேசாகக் கருத்தது. சுண்டலில் அயோடின் தோலின் மேல் பழுப்பாக நின்றது. "டீச்சர் சுண்டல் பாஸ்!" என்று கத்தினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

கடைசிக் குழுவில் ஒரு பையன் எதற்கோ அந்தக் கடலையை ஸ்கேல் நுனியால் நசுக்கினான். உள்ளே இருந்தது வெளியே வந்து அயோடினில் பட்டதும் கருநீலம். "டீச்சர், உங்க சுண்டலும் கருத்துருச்சு!"

அவன் சொன்னது சரி. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 27 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது. சுண்டல் குறைந்த மாவுச்சத்துள்ள பண்டம் அல்ல. ஆனால் என் நோட்டில் அரைக் கிண்ணம் சுண்டலுக்கு எதிரே இருந்த எண்கள் 130, 158. பிஸ்கட் அளவுக்கு மாவுச்சத்து, பாதிகூட ஏற்றம் இல்லை. ஏன் என்று வகுப்பைக் கேட்டேன். விடையை அந்தப் பையனின் ஸ்கேலே காட்டிவிட்டது. முழுக் கடலையில் மாவுச்சத்து செல்சுவர்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதோடு நார்ச்சத்தும் புரதமும் இருக்கின்றன. செரிமான நொதி ஒவ்வொரு அறையாகத் திறந்து உள்ளே போகவேண்டும். பிஸ்கட்டில் அந்தச் சுவர்களை ஆலையிலேயே இடித்துவிட்டார்கள். அயோடின், மாவுச்சத்து இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். எவ்வளவு வேகமாக ரத்தத்துக்குப் போகும் என்று அதற்குத் தெரியாது. இந்த வேறுபாட்டை அந்த வகுப்பில்தான் நானும் தெளிவாகப் புரிந்துகொண்டேன். கேழ்வரகுக் கஞ்சி 221 காட்டியதன் மர்மமும் அன்று பிள்ளைகள் முன்னால்தான் முழுதாக அவிழ்ந்தது.

நல்ல வகுப்பு என்று மகிழ்ந்து வீட்டுக்குப் போனேன். மறுநாள் சத்துணவு நேரத்தில் அமைப்பாளர் அக்கா என்னைக் கூப்பிட்டார். ஆறாம் வகுப்பிலேயே மிக மெலிந்த பிள்ளை ஒருத்தி முட்டையை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றை அப்படியே வைத்திருந்தாள். ஏன் என்றால், "அது கருத்துப்போச்சுல்ல டீச்சர். அதைத் தின்னா சர்க்கரை வரும்." கூட இருந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

எனக்குப் பகீர் என்றது. இந்த மதியச் சோறுதான் அந்தப் பிள்ளையின் நாளில் பெரும்பகுதி. என் நோயின் கணக்கை நான் 11 வயதுப் பிள்ளையின் தட்டில் வைத்துவிட்டேன். கருநீல நிறத்தை நான் எங்கும் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் சுண்டல் பாஸ் ஆனபோது சிரித்தேனே, அது போதாதா? பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நம் முகத்தைத்தான் குறிப்பெடுக்கிறார்கள்.

அன்று மதியமே அடுத்த பாடவேளையை வாங்கி மறுபடி அதே வகுப்புக்குப் போனேன். கபடி ஆடும்போது கால் ஓடுவதற்கு எது எரிபொருள் என்று தொடங்கினேன். மாவுச்சத்து உங்களுக்குத் தேவையான உணவு. வளரும் உடம்புக்கும் ஓடியாடும் காலுக்கும் மூளைக்கும் அது வேண்டும். என் உடம்பில் இன்சுலின் வேலை சரியாக நடக்கவில்லை, அதனால் குளுக்கோஸ் செல்லுக்குள் போகாமல் ரத்தத்திலேயே நிற்கிறது. கதவு பழுதான வீட்டுக்கு விருந்தாளி குறைவாக வரவேண்டும், உங்கள் வீட்டுக் கதவு நன்றாக இருக்கிறது என்றேன். பிறகு மெலிந்த அந்தப் பிள்ளையின் பக்கத்தில் ஒரு வாரம் மதியம் தட்டோடு உட்கார்ந்தேன். என் தட்டில் கொஞ்சம் சோறு, நிறையக் கூட்டு, ஒரு முட்டை. அவள் தட்டில் நிறையச் சோறு. "நீங்க மட்டும் கம்மியா?" என்று முதல் நாள் கேட்டாள். மூன்றாம் நாள் கேட்கவில்லை, இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டாள்.

இப்போதும் அந்தச் சோதனையைச் செய்கிறேன். ஆனால் முதல் பத்து நிமிடம் எரிபொருள் பற்றித்தான். உணவு, உடல் எடை, சர்க்கரை பற்றி வகுப்பில் பேசும் எந்த ஆசிரியரும் பேசிய மறுநாள் ஒருமுறை மதிய உணவு வரிசைப் பக்கம் நடந்துவிட்டு வரலாம்.

பள்ளி தொடர்பாக இன்னொன்று. என் மேசை இழுப்பறையில் ஒரு மிட்டாய் டப்பா இருக்கிறது. பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளை புதுச் சட்டையோடு வந்து இரு கையாலும் மிட்டாய் நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல என்னால் முடிவதில்லை. வாங்கி, வாழ்த்திவிட்டு, டப்பாவில் போடுவேன். எனக்கோ வேறு யாருக்கோ சர்க்கரை இறங்கினால் உதவும் என்று நினைத்திருந்தேன். மருத்துவரிடம் காட்டியபோது சாக்லேட்டுகளை எல்லாம் பிரித்து எடுக்கச் சொன்னார். கொழுப்பு இருப்பதால் சாக்லேட் மெதுவாகத்தான் ஏறும், கடலை மிட்டாயும் அப்படித்தான். 70-க்குக் கீழே இறங்கிவிட்டால் வேகமாக ஏறுவது வேண்டும்: மூன்று தேக்கரண்டி சர்க்கரை, அதாவது ஏறக்குறைய 15 கிராம், தண்ணீரில், அல்லது குளுக்கோஸ் பொடி. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். குறைவாகவே இருந்தால் மறுபடி 15 கிராம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐ அழைக்கவேண்டும். என் நல்ல கடலை டப்பா அந்த நேரத்துக்கு உதவாது.

இதைத் தெரிந்துகொண்டது சென்ற ஆண்டு பயன்பட்டது. ஏழாம் வகுப்பில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை ஒருத்தி சேர்ந்தாள், முதல் வகை நீரிழிவு. குழந்தைகளுக்கு வரும் அந்த வகை, தின்றதால் வந்தது அல்ல; உடலே தன் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. எல்லா வகுப்பு ஆசிரியர்களிடமும் மூன்று செய்தி சொன்னேன். பாடவேளை நடுவே அவள் தின்றால் கேள்வி கேட்க வேண்டாம். தலை சுற்றுகிறது என்றால் தனியாக வெளியே அனுப்ப வேண்டாம், சர்க்கரை அவளிடம் போகட்டும். அவளுக்கு என் உணவுக் கணக்கை யாரும் பரிந்துரைக்க வேண்டாம்; அது அவளுடைய மருத்துவரும் அம்மாவும் பார்த்துக்கொள்வது. பெரியவர்களிலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கடலை, பருப்பு, முட்டையைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

இப்போது என் எச்.பி.ஏ.1.சி. 6.9. மாத்திரை, மாலை நடை, குறைந்த சோறு எல்லாம் சேர்ந்துதான். 10.50-க்கு ஃபிளாஸ்க் இரண்டாக வருகிறது, ஒன்றில் சர்க்கரை இல்லை. மாத்திரை போடும் நாங்கள் மூவரும் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு மாதக் கடலை வாங்குகிறோம். நோய் இல்லாத நாலு பேர் பணம் போடாமல் தின்கிறார்கள். சாத்தூர் சார் காராச்சேவை விடவில்லை. பொட்டலம் பிரியும் அன்று நானும் நாலு குச்சி எடுத்துக்கொள்வேன். அன்றைக்கு என் டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும்.